ஒரு லேப்டாப்புக்காக வாய் திறந்து ஜெபித்தேன்

போன வருடம் ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், ஆம்பூர் பஸ் நிலையத்தில் இறங்கிய நான் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து பெண்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. அவர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். துப்பட்டாவை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். யாராவது வந்து "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டால் காரணத்தைச் சொல்ல வெட்கம். என் அழுகைக்குக் காரணம் ஒரு லேப்டாப்.

சிரிக்கத் தோன்றினால் சிரியுங்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். ஆனால் ஆண்டவர் அந்த நாட்களில் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஹெப்சி. பி.எஸ்சி. கணிதம் முடித்தவுடன் எனக்குத் திருமணம் ஆனது. என் கணவர் ஸ்டீபன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் வேலை செய்கிறார். எங்கள் மகள் ஜெம்மிக்கு மூன்று வயது. மேலே படிக்க வேண்டும் என்ற ஆசையை நான் மூட்டை கட்டி வைத்திருந்தேன். அதை அவிழ்த்தவர் என் மாமியார்தான். "புள்ளைய நான் பாத்துக்கறேன், நீ போய்ப் படி" என்று அத்தை சொன்ன தைரியத்தில் விண்ணப்பித்தேன். வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.சி.ஏ.வுக்கு இடம் கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். அந்த முதல் மாதம் நான் தரையில் நடக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை எங்கள் துறைத் தலைவர் மேடம் வகுப்பில் சொன்னார்: "மாசக் கடைசிக்குள்ள எல்லாரும் சொந்தமா லேப்டாப் கொண்டு வந்துடணும். இனிமே பிராக்டிகல் எல்லாம் அதுலதான். கஷ்டம்னா இப்பவே சொல்லிடுங்க. எம்.எஸ்சி. கணிதத்துல இடம் இருக்கு, மாறிக்கலாம். மாசம் முடிஞ்சா அந்தக் கதவும் மூடிடும்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் அது கதவை மூடும் சத்தமாகவே கேட்டது.

எங்களிடம் வாங்க வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டீபன் தன் போனஸை இதற்காகவே தொடாமல் வைத்திருந்தார். ஆனால் அது ஒரே ஒரு முறை வாங்கத்தான். தவறான ஒன்றை வாங்கிவிட்டால் மாற்றி வாங்க வழி கிடையாது. அதாவது, நான் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்னைத் தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள ஆபத்து புரியும். கத்தரிக்காய் வாங்கப் போனாலும் இந்தத் தட்டில் பொறுக்கியதை அந்தத் தட்டில் போட்டு, வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் தட்டே நன்றாக இருந்தது என்று வருந்துகிறவள் நான்.

தேட ஆரம்பித்தேன். வகுப்பில் ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். என் தம்பி வேறொன்றைச் சொன்னான். இணையத்தில் விமர்சனங்கள் படித்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்து மெச்சியவரும், ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டியவரும் வாங்கியிருந்தது ஒரே லேப்டாப்பைத்தான். இதில் யாரை நம்புவது? ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன் என்று ரசம் கொதித்து வழிய நின்றேன். காலையில் ஒன்றை முடிவு செய்வேன். பஸ் மாதனூர் தாண்டுவதற்குள் மனம் மாறிவிடும்.

ஸ்டீபன் கேலி செய்தார். "இன்னா ஹெப்சி, கல்யாணத்துக்கு என்னைக்கூட நீ இவ்ளோ பாக்கலியே."

"உங்களப் பாக்க ஒரு டீ குடிக்கிற நேரம்தானேங்க குடுத்தாங்க" என்றேன்.

"அப்ப டைம் குடுத்திருந்தா?"

"விமர்சனம் படிச்சிருப்பேன்."

சிரித்தோம். ஆனால் அவர் வேலைக்குப் போன பிறகு சமையலறையில் முழங்கால் போட்டு அழுதேன். "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு அடையாளம் காட்டும்" என்று கேட்டேன். இந்தப் படிப்பு எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. மூன்றாவது வராது என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் சபைப் பெண்கள் கூடி ஜெபிப்போம். ஒவ்வொருவரும் தங்கள் விண்ணப்பத்தைச் சொல்வார்கள், எல்லோரும் சேர்ந்து அதற்காக ஜெபிப்போம். அடுத்த வார வெள்ளியன்று ஒரு அம்மா தன் கணவரின் டயாலிசிஸுக்காக ஜெபிக்கச் சொன்னார். இன்னொருவர் மகளுக்கு வரன் அமையவில்லை என்று கண் கலங்கினார். இவர்கள் நடுவில் நான் எழுந்து "எனக்கு எந்த லேப்டாப் வாங்குவதென்று தெரியவில்லை" என்றா சொல்வது?

எனக்கு முன்னால் ராணி அக்காவின் முறை. அவர் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் பல வருடமாக வேலை செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். எப்போதும் சொல்வதையே அன்றும் சொன்னார்: "என் மனசுல ஒரு பாரம் இருக்கு. வெளியில சொல்றதுக்கில்ல. ஆண்டவருக்குத் தெரியும்."

இது நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது. என் முறை வந்ததும் அந்த வார்த்தைகளையே எடுத்துக்கொண்டேன். "எனக்கும் ஒரு பாரம் இருக்கு அக்கா. சொல்ல முடியல. ஆண்டவருக்குத் தெரியும்."

அத்தை உட்பட எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சபையில் ஒருவர் இப்படிச் சொன்னால் யாரும் துருவிக் கேட்கக் கூடாது. அது எங்கள் வழக்கம். கேட்கத்தான் கூடாது. யூகிப்பதை யார் தடுக்க முடியும்?

மறுநாளிலிருந்து வீட்டில் அத்தையின் போக்கு மாறியது. ஜெம்மியை இடுப்பில் தூக்கினால் ஓடி வந்து வாங்கிக்கொள்வார். குடிதண்ணீர்க் கேனைத் தொட விடமாட்டார். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது என் தட்டிலிருந்த பப்பாளித் துண்டுகளை ஒரு வார்த்தையும் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். நான் என்ன தவறு செய்தேன் என்று அன்று முழுக்க யோசித்தேன். ஜெம்மியின் துணியைத் துவைக்காமல் விட்டதற்குக் கோபமோ? கல்லூரியிலிருந்து தாமதமாக வந்ததற்கோ?

புதன்கிழமை அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஹெப்சிம்மா, காலேஜை அடுத்த வருஷம் பாத்துக்கக் கூடாதா? பஸ்ல குலுங்கிக்கினு அவ்ளோ தூரம் போகணுமா இப்ப?"

போ, படி என்று என்னை அனுப்பியவரே நிறுத்தச் சொல்கிறார். நான் அடையாளம் கேட்டேனே, இதுதான் அந்த அடையாளமா? கர்த்தர் இந்தப் படிப்பே வேண்டாம் என்கிறாரா? இல்லை, இது என் விசுவாசத்துக்கு வந்த சோதனையா? அடையாளம் கேட்டு ஜெபித்தவளுக்குக் காக்கை கத்தினாலும் அடையாளமாகத் தெரியும். எனக்கு அப்படித்தான் ஆகிவிட்டது. அத்தையிடம் காரணம் கேட்கப் பயந்து, "பாக்கலாம் அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

பயம் என்னை அவசரப்படுத்தியது. வகுப்புப் பையன்கள் ஒரு லேப்டாப்பைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். விளையாட்டுகளுக்காகச் செய்தது. விசைகளின் அடியில் சிவப்பு விளக்கு எரியும். அதற்கு இணையத்தில் பெரிய தள்ளுபடி போட்டிருந்தார்கள். சனிக்கிழமையோடு முடிகிறது. "அதுல எல்லாமே ஓடும் அக்கா, கண்ண மூடிக்கினு வாங்குங்க" என்றார்கள். அதையே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தேனே தவிர, உள்ளே சமாதானம் இல்லை. சமாதானம் இல்லாமல் எடுத்த முடிவு என்று தெரிந்தும், இதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை.

அதிலும் ஒரு சிக்கல். வங்கி அட்டை ஸ்டீபன் பெயரில் இருக்கிறது. ஓடிபி அவருடைய போனுக்குத்தான் வரும். அவர்கள் கம்பெனியில் போனைக் கேட்டில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதியச் சங்கு ஊதினால்தான் வெளியே வந்து வாங்க முடியும். ஆகவே இப்படிப் பேசிவைத்தோம்: சனிக்கிழமை எனக்குக் கல்லூரி இல்லை. சங்கு ஊதியதும் அவர் சாப்பாட்டுக்குப் போகாமல் கேட்டுக்கு ஓடி வந்து எனக்கு வேறொருவர் போனிலிருந்து கூப்பிடுவார். நான் இங்கே பொத்தானை அழுத்துவேன். தன் போனில் வரும் எண்ணை அவர் படித்துச் சொல்வார்.

சனிக்கிழமை வந்தது. அட்டை எண்ணெல்லாம் நிரப்பி, தம்பியிடம் இரவல் வாங்கிய இன்னொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். சங்கு ஊதியது. எங்கள் தெரு வரை கேட்கும். சிறிது நேரத்தில் அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டேன்.

"ஹெப்சி, ரெடியா? அழுத்து."

"அழுத்தட்டுமாங்க? இதான் சரிதானே?"

"ஐயோ, இப்ப வந்து கேக்கறியே! அழுத்தும்மா."

அழுத்தினேன்.

"வந்துச்சி, வந்துச்சி. சொல்றேன், போட்டுக்கோ. நாலு..."

அப்போது கதவு திறந்தது. முன்னால் குளோரி அக்கா. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு பை மாதுளம்பழம். பின்னால், அன்று லீவு போட்டிருந்த ராணி அக்கா. அவருக்கும் பின்னால் என் அத்தை.

"எழுந்திரிக்காத! அப்படியே உக்காரும்மா" என்றார் குளோரி அக்கா. "நாங்க இன்னிக்கு உனக்காக உபவாசம். ஜெபிச்சிட்டுப் போய்டுவோம்." நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கை என் தலைமேல் வந்துவிட்டது. கண்களை மூடி, குரலை உயர்த்தி ஆரம்பித்துவிட்டார். "இரக்கமுள்ள தகப்பனே! இந்தப் பிள்ளையை உம்முடைய சமுகத்துல தாங்கி நிக்கறோம்..."

போனில் ஸ்டீபன்: "நாலு, ஒம்பது... ஹலோ? ஹெப்சி? யாரு அங்க ஜெபிக்கறது?"

தலைமேல் கை வைத்து ஒருவர் ஜெபிக்கும்போது எழுந்து ஓட முடியுமா? போனைத் தட்ட முடியுமா? சிறு வயதிலிருந்து எனக்கு அது வராது. கண்ணை மூடிக்கொண்டேன். ஒற்றைக் கண்ணால் மட்டும் திரையில் குறைந்துகொண்டே வரும் நேரத்தைப் பார்த்தேன். அப்போது ராணி அக்கா என் முன்னால் முழங்கால் போட்டு, பூப்போல என் வயிற்றின்மேல் கை வைத்தார். குளோரி அக்காவின் குரல் இன்னும் உயர்ந்தது.

"கர்ப்பத்தின் கனியைக் கொடுத்தவரே! இந்த வயித்துல இருக்கிற சிசுவை ஒரு குறைவும் இல்லாம காத்துக்கொள்ளும் ஆண்டவரே!"

"ஆமென்" என்றார் அத்தை.

"ஆமென்" என்றார் போனில் ஸ்டீபன், பழக்க தோஷத்தில். பிறகு, "இன்னாது? சிசுவா?"

நான் கண்களை முழுதாகத் திறந்தேன். "அக்கா, எந்தச் சிசு?"

ஜெம்மி ஓடி வந்து என் மடியில் தேடினாள். "மா, பாப்பா எங்க?"

"நீதானம்மா சபையில சொல்ல முடியாத பாரம்னு சொன்ன" என்றார் குளோரி அக்கா, குரல் இறங்கி. "கல்யாணமான பொண்ணு, மூணு வயசுல ஒரு குழந்தை. காலேஜும் போய்க்கினு இருக்க. வேற இன்னா பாரம் இருக்கும்? பாவம், படிப்பா குழந்தையான்னு தவிக்கிறியேன்னு நினைச்சிட்டோம்."

"அக்கா, அது குழந்தை இல்ல. லேப்டாப்."

"லேப்டாப்பா?"

"எதை வாங்கறதுன்னு தெரியல. அதான்."

போன் கத்தியது: "ஹெப்சி, நான் அப்பாவா இல்லியா, அதை மட்டும் சொல்லு. சங்கு ஊதப் போகுது!"

"இல்லைங்க!"

"சரி. ஓடிபி செத்துப் போச்சி. மறுபடி அழுத்து."

மறுபடி அழுத்தினேன். சரக்குத் தீர்ந்துவிட்டது என்று வந்தது. அவ்வளவுதான். கேட்டில் சங்கு ஊதும் சத்தம் போனிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது. அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமலே உள்ளே போய்விட்டார்.

குளோரி அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அத்தையும் சிரித்தார். ராணி அக்கா மட்டும் லேசாகப் புன்னகைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் அழ ஆரம்பித்தேன். அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. மாசக் கடைசிக் கெடு, இடம் போய்விடும் என்ற பயம், அடையாளம் கேட்டது, பப்பாளி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "காலேஜை விடச் சொன்னது வேற ஒண்ணுக்கும் இல்லம்மா. ரெண்டு புள்ளைங்கள என்னால பாக்க முடியுமான்னு பயந்துட்டேன். உங்கிட்ட எப்படிச் சொல்றது?" அவரும் சொல்ல முடியாத ஒரு பாரத்தைச் சுமந்திருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு தனித்தனியாக ஜெபித்துக்கொண்டிருந்தோம்.

குளோரி அக்கா மாதுளையை உரித்து என் கையில் வைத்தார். "அழுவாத. சிசுவுக்குன்னு வாங்கினது, நீயே சாப்பிடு. ஆமா, லேப்டாப் எதுக்கு? நீ டீச்சருக்குத்தானே படிக்கிற?"

"இல்லக்கா, எம்.சி.ஏ."

"எந்த காலேஜ்?"

சொன்னேன். அவர் உரிப்பதை நிறுத்திவிட்டார். "எங்க ஷீபா அங்கதானே அதே எம்.சி.ஏ. படிச்சிட்டுப் போனா!"

அவருடைய மகள் ஷீபா சென்னையில் ஏதோ அலுவலகத்தில் வேலை செய்கிறாள் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். நான் அந்தச் சபைக்கு மருமகளாக வந்தவள். வெள்ளிக்கிழமைதோறும் குளோரி அக்காவின் பக்கத்தில்தான் உட்காருவேன். நான் என்ன படிக்கிறேன் என்று அவருக்குச் சொன்னதில்லை. அவர் மகள் என்ன படித்தாள் என்று நானும் கேட்டதில்லை. என் கேள்விக்கான பதில் இத்தனை நாளும் என் தோளை உரசிக்கொண்டு பாய்மேல் உட்கார்ந்திருந்தது.

அப்போதே ஷீபாவுக்குப் போன் போட்டார். நான் வாங்க இருந்த லேப்டாப்பின் பெயரைச் சொன்னதும் அவள் அலறினாள். "ஐயோ, அதுவா? வேணாம் அக்கா! எங்க கிளாஸ்ல ஒரு பையன் வச்சிருந்தான். சார்ஜரே ஒரு செங்கல் மாதிரி. அதைப் போடலன்னா சீக்கிரமே படுத்துக்கும். பிளக் பாயிண்ட் எங்க இருக்கோ அங்கதான் அவன் இருப்பான். சாப்பாடுகூட அங்கதான்."

மாதுளம்பழத்தோடு அந்த மூன்று பெண்கள் வராமல் இருந்திருந்தால் அதைத்தான் நான் வாங்கியிருப்பேன்.

"நீங்க எதுல அக்கா போய் வர்றீங்க?" என்று கேட்டாள் ஷீபா.

"பஸ்ல."

"எங்க உக்காந்து படிப்பீங்க?"

இத்தனை நாளில் யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. நானும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. எந்த லேப்டாப் நல்லது என்று உலகத்தைக் கேட்டேன். எனக்கு எது வேண்டும் என்று கேட்கவில்லை. "பஸ்ல படிப்பேன். பாப்பா தூங்கறப்ப படிப்பேன். இங்க அடிக்கடி கரண்ட் போகும்" என்றேன்.

"கேம் ஆடுவீங்களா?"

"ரசம் வைக்கவே நேரமில்லம்மா."

"அப்ப உங்களுக்குத் தனியா கிராபிக்ஸ் கார்டு வேணாம். அதுக்குத்தான் காசு ஜாஸ்தி வாங்கறாங்க. எடை கம்மியா, ஒண்ணரைக் கிலோவுக்குள்ள பாருங்க. பேட்டரி காலேஜ் முடியற வரைக்கும் நிக்கணும். ராம் பதினாறு ஜிபி இருந்தா நல்லது. எட்டுதான் முடியும்னா, அப்புறம் சேர்த்துக்க உள்ள இடம் இருக்கான்னு கேளுங்க. சிலதுல சேர்க்கவே முடியாது. எஸ்எஸ்டி கட்டாயம், அப்பதான் சட்டுனு திறக்கும். சர்வீஸ் சென்டர் வேலூர்லயே இருக்கணும், ரிப்பேர்னா சென்னைக்கு அனுப்பிட்டு பேஜார் ஆவக் கூடாது. போன வருஷ மாடல்னா முகம் சுளிக்காதீங்க. புதுசு வந்ததும் அது விலை இறங்கிடும். நம்ம படிப்புக்கு அதுவே தாராளம்."

பெயர் எதையும் அவள் சொல்லவில்லை. எனக்கு அது தேவையும்படவில்லை. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து அழுத நாளுக்குப் பிறகு முதல் முறையாக என் மூச்சு முழுதாக உள்ளே போனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வேலூருக்குக் கிளம்பினோம். ஞாயிறன்று கடைக்குப் போவதா என்று எனக்கு உறுத்தல். அத்தையிடம் கேட்டேன். அவர் ஜெம்மிக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னார்: "கம்பெனிக்கு ஞாயித்துக்கிழமைதான் லீவுன்னு ஆண்டவருக்குத் தெரியாதா? போய்ட்டு வாங்க."

கடைக்காரப் பையன் எங்களை நேராகச் சிவப்பு விளக்கு எரியும் வரிசைக்குக் கூட்டிப்போனான். "மேடம், இதுதான் இப்ப மூவிங்." நான் ஷீபா கேட்டதை எல்லாம் அவனிடம் கேட்டேன். எடை என்ன, உள்ளே ராம் சேர்க்க இடம் உண்டா, சர்வீஸ் எங்கே. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவன் பின்வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து வந்தான். சாம்பல் நிறம், பகட்டே இல்லை. "இது போன வருஷ மாடல் மேடம்" என்றான், மன்னிப்புக் கேட்பதுபோல. எட்டு ஜிபி, ஆனால் சேர்த்துக்கொள்ள இடம் உண்டு. சர்வீஸ் சென்டர் வேலூரிலேயே இருந்தது.

ஜெம்மி அப்போது என் இடுப்பில் இருந்தாள். தூக்கத்தில் தலை தோளில் சாய்ந்திருந்தது. ஸ்டீபன் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். "இருங்க" என்றேன். பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே, மறுகையால் அந்த லேப்டாப்பைத் தூக்கினேன். தூக்கிக்கொண்டு கடை வாசல் வரை நடந்தேன், திரும்பி வந்தேன். இரண்டையும் சுமக்க முடிந்தது.

நான் கேட்ட அடையாளம் அதுதான். வானத்திலிருந்து சத்தம் வரவில்லை. என் கை வலிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அத்தனை நாளும் இல்லாத சமாதானம் அந்தக் கடை நடுவில் என்மேல் இறங்கியது. பிள்ளையையும் படிப்பையும் சேர்த்தே சுமப்பாய் என்று ஆண்டவர் சொன்னதாகவே நான் எடுத்துக்கொண்டேன். இன்றும் அப்படியே நம்புகிறேன்.

ஸ்டீபன் வழக்கம்போலக் கேட்டார்: "இன்னொரு கடை பாக்கணுமா?"

"வேணாங்க. இதுதான்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "இதைத்தான் நான் சாட்சி சொல்லுவேன் சபையில. என் பொண்டாட்டி ஒரே கடையில வாங்கிட்டா."

தள்ளுபடியில் வாங்க இருந்ததைவிட இது குறைந்த விலை. மிச்சத்தில், பிறகு அந்த ராமையும் சேர்த்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை ஜெப எண்ணெய்ப் புட்டியோடு காத்திருந்தார். எங்கள் வீட்டில் புது மிக்சி வந்தாலும், புது சைக்கிள் வந்தாலும் எண்ணெய் பூசி ஜெபித்துத்தான் தொடுவோம். லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். அத்தை மூடியைத் திருகி, விசைகளின்மேல் நேராகக் கவிழ்க்கப் போனார். நானும் ஸ்டீபனும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம்.

"அம்மா! உள்ள ஊத்தினா செத்துப் போய்டும்!"

"ஆண்டவருக்குன்னு ஊத்தற எண்ணெய்ல எதுடா சாகும்?"

"அம்மா, ஆண்டவர் ஒண்ணும் செய்யமாட்டாரு. சர்வீஸ் சென்டர்காரன் வாரண்டி இல்லம்பான்."

கடைசியில் மூடிய லேப்டாப்பின் மேல்மூலையில் ஒரு விரல் நுனி எண்ணெயால் சிலுவை போட்டு ஜெபித்தார். "இந்தப் பெட்டியால என் மருமவ முன்னுக்கு வரணும்" என்றார். அந்தத் தடம் இன்னும் லேசாக இருக்கிறது. நான் துடைக்கவில்லை.

திங்கட்கிழமை அதை வகுப்பில் மேசைமேல் வைத்தேன். மேடம் பார்த்துச் சிரித்து, "அப்ப கணிதத்துக்குப் போகல?" என்றார். "இல்ல மேடம், இங்கதான்" என்றேன். முதல் செமஸ்டரில் எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டேன். கர்த்தருக்கே மகிமை.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஆண்டவர் இதோடு முடிக்கவில்லை.

லேப்டாப் வாங்கிய அடுத்த வெள்ளிக்கிழமையே ஜெபத்தில் எழுந்து இதையெல்லாம் சொன்னேன். ஓடிபி, சிசு, மாதுளம்பழம் எதையும் மறைக்கவில்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு சொன்னேன்: "நான் பெரிய வார்த்தைக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினேன் அக்கா. உள்ளதை உள்ளபடி சொன்னப்பதான் உதவி வந்துச்சி. ஆண்டவருக்கு எல்லாம் தெரியும், நெஜம்தான். ஆனா பக்கத்துல உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியாதே."

விண்ணப்பங்கள் தொடங்கின. ஒருவர் கிரைண்டர் ஓடவில்லை என்றார். இன்னொருவர் கணவரின் குறட்டைக்காக ஜெபிக்கச் சொன்னார். சிரிப்பு அடங்கும் முன் ராணி அக்காவின் முறை வந்தது.

"என் மனசுல ஒரு பாரம் இருக்கு" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு வலது அக்குளுக்குக் கீழே கையை வைத்தார். "இங்க ஒரு கட்டி இருக்கு. ரொம்ப நாளா. வீட்ல யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமா இருக்கு."

குளோரி அக்கா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளை அணைத்துக்கொண்டார். அன்று அவர் குரலை உயர்த்தவில்லை. மெதுவாக ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும், "திங்கக்கிழமை காலையில உன்ன நான் கூட்டிக்கினு போறேன்" என்றார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்தார்கள். சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்னார். அறுவை சிகிச்சை நடந்தது, பிறகு மருந்து. சில நாட்கள் குளோரி அக்காவால் உடன் போக முடியாதபோது, கல்லூரி முடிந்து நான் போய் ராணி அக்காவோடு உட்காருவேன். அந்த நீண்ட வரிசையில், பிளக் பாயிண்ட் இல்லாத அந்த நாற்காலிகளில், மடியில் லேப்டாப்பை வைத்து என் பாடங்களை எழுதுவேன். அது அணையாது. ராணி அக்கா எட்டிப் பார்ப்பார். "இதுக்காடி நான் உன் வயித்துமேல கை வச்சி ஜெபிச்சேன்?" என்று கேட்பார். இருவரும் சிரிப்போம். இப்போது அவர் மறுபடி தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டார்.

அன்பான சகோதரிகளே, சகோதரர்களே, உங்களிடமும் வெளியே சொல்ல வெட்கப்படுகிற ஒரு விண்ணப்பம் இருக்கலாம். இவ்வளவு சின்னதைப் போய் ஆண்டவரிடம் கேட்பதா என்று நினைக்கிறீர்களோ, இவ்வளவு பெரியதை எப்படிச் சொல்வது என்று பயப்படுகிறீர்களோ, எனக்குத் தெரியாது. நான் இன்னும் கத்தரிக்காயைப் பொறுக்கிப் பொறுக்கித்தான் வாங்குகிறேன். அது மாறவில்லை. ஆனால் என் தேவனைப் பற்றி மட்டும் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. என் சத்தம் அவர் காதில் விழுந்தது. என் வீட்டுக் கதவை அவர்தான் திறந்தார், மாதுளம்பழத்தோடு. இந்த வெள்ளிக்கிழமை உங்கள் முறை வரும்போது, வாயைத் திறந்து அதன் பெயரைச் சொல்லுங்கள். அவர் கேட்பார். பக்கத்தில் இருக்கிற அக்காவும் கேட்பார்.